லாட் 1147, கிணறு உட்பட

நில அளவை ஆபீசில் பழைய பிளான்களைப்
படியெடுப்பது என் வேலை.
லாட் 1147. ஆறு ஏக்கர். சதுப்பு ஓரம்.
தென்மேற்கு மூலையில் ஒரு வட்டம், நடுவில் புள்ளி.
பக்கத்தில் பென்சிலில் மலாய்: தெலாகா.
கிணறு.

ரப்பர் பிடிக்காத மண்ணென்று
எல்லிங்காம் துரை சாரணர்களுக்கு விட்ட இடம் அது,
முப்பத்து நாலில்.
கல்லில் 'நன்கொடை' என்று செதுக்கினார்கள்.
தோட்டக் கணக்கில் 'பயனற்ற நிலம்'.

ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளி போட்டார்கள்.
பயனற்ற நிலம்
மூன்று வருஷம் இரண்டு டிவிஷனுக்குச் சோறு போட்டது.

அவசரகாலத்தில் நெருப்பு மூட்டத் தடை.
இராசநாயகம் கிராணி, அவர்தான் சாரணர் தலைவரும்,
எட்டுப் பையன்களை வட்டமாக உட்காரவைத்து
டார்ச் லைட்டைச் சிவப்புக் காகிதத்தில் சுற்றி
நடுவில் நட்டார்.
வாய்க்குள்ளேயே பாடச் சொன்னார்.
போலீஸ் லோரி வந்தது. டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு போனது.
ரசீது இன்னும் ஃபைலில் இருக்கிறது:
'நெருப்பு, ஒன்று.'

அதே ஃபைலில், யார் சேர்த்தார்களோ,
கிராணியின் முகாம் ஏடும் நூல் கோத்துக் கிடந்தது.
கூடாரம் இத்தனை, அரிசி இத்தனை, அட்டைக்கடி இத்தனை.
பிறகு,
'தண்ணீர், 64 டின். தெய்வானை, இரண்டாம் டிவிஷன்.
டின்னுக்கு ஐந்து காசு. மூன்று வெள்ளி இருபது.'

பால் வெட்டி, நிறுத்து, வாளி கழுவிக் கவிழ்த்தபின்
லயத்துக் குழாயிலிருந்து அரை மைல்,
காண்டாக் கம்பைத் தோள் மாற்றி மாற்றி.
அடுத்த வருஷமும் அவள் பெயர்.
அதற்கடுத்த வருஷமும்.
அவள் மகன்கள் யாரும் சாரணர் பட்டியலில் இல்லை.
காக்கி உடுப்பு பதினாலு வெள்ளி.

அறுபத்து மூன்றில் மட்டும்:
'தெய்வானைக்குப் பிரசவம். பையன்களே தூக்கினார்கள்.
19 டின். இரவு கஞ்சி இல்லை.'

கடைசிப் பக்கம் எழுபத்தெட்டு.
தோட்டம் கைமாறிவிட்டது, செம்பனை நடப்போகிறார்கள்,
பாதைக்குச் சங்கிலி.
கிராணி எழுதுகிறார், கை நடுங்கியிருக்கிறது:
'வெள்ளையடித்த கற்களால் தடக்குறி வைத்தோம்.
வட்டம், நடுவில் ஒரு கல்.
வீட்டுக்குப் போய்விட்டோம் என்று அர்த்தம்.'

எண்பத்தொன்றில் அளக்க வந்த ஆள்
அந்தக் கற்களைப் பார்த்திருக்கிறார்.
அவருக்குச் சாரண பாஷை தெரியாது. வட்டம் தெரியும்.

இப்போது அங்கே கடைவீடுகள் எழும்புகின்றன.
டெவலப்பர் அனுப்பிய பில் என் மேசையில்:
கிணறு மூடிய வகையில், செம்மண், பதினொரு லோரி.
முத்திரையும் கையெழுத்தும் சரியாக இருக்கின்றன.
இல்லாத பள்ளத்துக்குள் பதினொரு லோரி எப்படி இறங்கியது
என்று கேட்டேன்.
"பிளானில் கிணறு இருக்கிறதே" என்றார் என்சிக் ஸாஹாருடின்,
தேநீரை ஊதிக்கொண்டே.
பிளானில் இருக்கிறதுதான்.

புதுப் பிரதியில் அந்த வட்டத்தை எடுக்கச் சொல்லி உத்தரவு.
எடுத்துவிட்டேன்.
குறிப்புக்கென்று கீழே ஒரு கட்டம் உண்டு,
தீப்பெட்டி அகலம்.
கிணறு இருந்ததில்லை, தண்ணீர் வெளியிலிருந்து வந்தது
என்று எழுதியதுமே பாதி நிறைந்துவிட்டது.
மிச்ச இடத்தில்,
ரூமி எழுத்தில்,
தெய்வானைக்கு எத்தனை எழுத்து என்று
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.