அட்டையில் பத்தொன்பது

பகலெல்லாம் நான் தூங்க
அது சொட்டுகிறது.
இரவு ஏழேகாலுக்கு வண்டியைப் பின்னுக்கு எடுத்து
இறங்கி வந்து
ஃபிரிட்ஜ் வந்த அட்டையில் டார்ச் அடித்து எண்ணுவேன்.
திங்கள் பதினான்கு. செவ்வாய் பதினாறு.
புதன் எனக்கு ஆஃப், வண்டியும் நகரவில்லை, நான்கு.
ஓரத்தில் தேதி போடுவேன்,
யூரின் பை அளவை சார்ட்டில் எழுதும் அதே கையெழுத்தில்.

மாருதி எண்ணூறு. இரண்டாயிரத்து ஒன்று மாடல்.
மயக்க டாக்டர் ஒருவர் கனடா போகையில் கொடுத்தது,
முப்பத்தெட்டாயிரம், ஸ்டெப்னி இல்லாமல்.
"இஞ்சினை இறக்கணும் சிஸ்டர்,
பதினெட்டாவது ஆகும்" என்றான்
வில்லியனூர் ரோட்டு கலியமூர்த்தி,
பானெட்டைத் திறக்காமலே.

ரத்தம் மாதிரி இருக்கு என்றாள் எதிர்வீட்டு ஜெசிந்தா.
இல்லை.
ரத்தம் உறையும். ஓரம் கறுத்துக் காயும்.
இது மூன்று மாதமானாலும்
நேற்று விழுந்ததுபோல் மினுங்கும்.
பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் கீழ்வீட்டு சொல்தாதான்
சரியாகச் சொன்னார்:
"மொசைக் போச்சு."

ஞாயிறு பூசைக்குப் போகாமல்
டேப்பட் கவரைக் கழற்றினேன்.
முத்தியால்பேட்டைக் கடல்காற்று
ஒவ்வொரு போல்ட்டிலும் குடியேறியிருந்தது.
பழைய பேக்கிங், ரப்பர் என்று பெயர்,
தொட்டதும் அப்பளமாய் நொறுங்கியது.
நெல்லித்தோப்புக் கடையில் புதுசு நூற்று நாற்பது.
மண்ணெண்ணெய், தேய்ந்த டூத்பிரஷ்.
மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாய் முறுக்கினேன்.
டார்ச் பிடித்தது என் மகன் எட்வின்;
வெளிச்சம் என் கை இருந்த இடத்தில் இல்லை
அவன் பார்த்த இடத்தில் இருந்தது,
பெரும்பாலும் கேட்டுக்கு வெளியே.

அடுத்த வாரம் பதினேழு.

அதற்கடுத்த ஞாயிறு ஹாலோ பிளாக் அடுக்கி
அடியில் படுத்து
சம்ப் பேக்கிங்.
வாயில் விழுந்த ஒரு சொட்டின் ருசி
புதன்வரை போகவில்லை.

பத்தொன்பது.

அன்று அழவில்லை. கோபம் வந்தது.
இஞ்சினை முழுக்கத் துடைத்து
எட்வினின் பவுடர் டப்பாவை அதன் மேல் கவிழ்த்தேன்.
காலாப்பட்டு வரை போய்த் திரும்பினோம்.
பானெட்டைத் தூக்கினால்
வெள்ளை பூசிய உடம்பில்
ஒரு கோடு இல்லை.
மேலே, பக்கத்தில், ஃபில்டர் கழுத்தில், நான் மாற்றிய இடத்திலும்
எல்லா இணைப்பிலும் மெல்லிய ஈரம்.

எல்லா இடமும் ஒரே சமயத்தில் கெடுமா?

நின்றுகொண்டிருந்தேன்.
கேதீட்டர் அடைத்தால்
டியூபைச் சுற்றிக் கசியும்.
பெட்ஷீட்டை மாற்றாதே, டியூபைப் பார் என்று
பதினொரு வருடமாய் ஜூனியர்களைத் திட்டுகிற நான்
இரண்டு ஞாயிறாய் பெட்ஷீட் மாற்றிக்கொண்டிருந்தேன்.

டேப்பட் கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும்
விரல் தடிமன் குழாய்.
உள்ளே அல்வாப் பதத்தில் கறுப்பு.
மூச்சு விட வழியில்லாமல்
அது எண்ணெயை நெட்டித் தள்ளியிருக்கிறது,
எங்கெல்லாம் இடுக்கு இருந்ததோ அங்கெல்லாம்.
சைக்கிள் கம்பியைக் குத்தி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து
வாய் வைத்து ஊதினேன்.
மறுமுனையில் எட்வின் சொன்னான்,
"காத்து வருதும்மா."
செலவு, ஒரு கிளிப். பன்னிரண்டு ரூபாய்.

புது அட்டை. மூன்று.
அந்த மூன்றும் பின்சீல்.
அதற்கு கியர்பாக்ஸ் இறங்கவேண்டும்.
இறக்கப்போவதில்லை. டிக்கியில் அரை லிட்டர் கிடக்கட்டும்.
சொல்தாவிடம் சொன்னேன், மூன்றுதான் இனிமேல்.
அவர் பழைய கறையைப் பார்த்தார்.

சர்க்கரையும் சோப்பும் போட்டுத் தேய்த்தும்
நகக்கண்ணில் கோடு நின்றது.
கையுறை மாட்டுமுன் ஆறாம் பெட் அம்மா
என் விரல்களைக் கவனித்துவிட்டாள்.
"வாழைப்பூ ஆய்ஞ்சியாம்மா?"
ஆமாம் என்றேன்.
"மோர்ல போட்டிருக்கணும்" என்று
கண்ணை மூடிக்கொண்டாள்.