வேலியில் சாய்ந்து நிற்கும் விடை

திருப்பூர் மங்கலம் ரோட்டில்
மூடிக்கிடந்த சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியில்
நான் அலை செய்கிறேன்.

அறுபதடி நீளம், இரண்டடி அகலம், மார்பளவு ஆழம்.
ஒரு முனையில் தகரப் பலகை,
அதைத் தள்ளி இழுக்க ஒரு மோட்டார்.
மறுமுனையில், அலை மோதித் திரும்பாமலிருக்க
பனியன் வேஸ்ட் மூட்டைகள்.
எந்தத் தண்ணீரை நிரப்பினாலும் மூன்றாம் நாள்
லேசாக ரோஸ் ஆகிவிடும்.
யாருமில்லாதபோது ஒருநாள்
சுவரைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பு.
சாயம் துணியில் பிடிக்கவென்று
தூத்துக்குடியிலிருந்து லாரி லாரியாய் இறங்கியது.
எனக்கு முன்பே இங்கே
கடல் வந்து போயிருக்கிறது.

துளசிமணி அளவுகளை எழுதுவது
பட்டறையின் மிச்சக் கணக்கு நோட்டில்.
'ஷேடு' கட்டத்தில் அலை எத்தனை நொடி,
'உப்பு' கட்டத்தில் பிடியின் இறுக்கம்,
'பார்ட்டி பெயர்' கட்டத்தில் மிதவையின் எண்.
இதுவரை நாற்பத்தொரு பார்ட்டிகள்.
ஒருவரும் பணம் தரவில்லை.

பிடியை இறுக்கினால்
மிதவை நட்டு வைத்த கல்லுக்கால்,
அலை சுற்றிக்கொண்டு போய்விடும்.
தளர்த்தினால்
நோம்பிக்கு வந்த பிள்ளை மாதிரி ஆடும்,
மீட்டர் முள் அசையாது.
நடுவில் எங்கேயோ இருக்கிறது
ஒரு சின்ன பல்ப் எரியும் இடம்.
அதுவும் அலைக்கு அலை மாறுகிறது.

இரவில் கணினியிடம் விட்டுவிடுவேன்.
குறுக்களவு, ஆழம், எடை, அடிவயிற்றின் சரிவு.
ஆயிரம் மிதவைகளைப் பெற்று
தொள்ளாயிரத்தைக் கொன்று
மீதியைக் கலந்து மறுபடி பெறும்.
விடியும்போது ஒன்று நிற்கும்,
ஒரு டன் இரும்புக்கு அதிக மின்சாரம் தருவது.

ஐந்து நாளாய் ஒரே விடை,
குறுக்களவு பன்னிரண்டடி.
பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு.
சந்தோஷத்தில் அறிக்கைகூடப் பாதி எழுதிவிட்டேன்.
ஆறாம் நாள்தான் உறைத்தது.
பன்னிரண்டுக்கு மேல் தேடாதே என்று
சொன்னதே நான்தான்.
அது விடையே இல்லை.
கிளுவை வேலியில் கழுத்தைப் போட்டுக்கொண்டு
அக்கட்டாலக் காட்டையே பார்க்கும் எருமை.

எதற்குப் பன்னிரண்டு வைத்தேன்?
பழைய கோப்பில் என் கையெழுத்திலேயே இருந்தது:
'கேட் அகலம்.'

பற்றவைத்துக்கொண்டிருந்த சிக்கந்தரிடம் சொன்னேன்.
முகமூடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார்.
"ஏனுங் மேடம், காத்தாடி றெக்கையே
பல்லடம் ரோட்டுல வளைஞ்சு திரும்பிப் போகுது.
கடலுக்கு அளவெடுக்கறதுக்கு
நம்ம கேட்டையா வெச்சீங்?"
பொழுதோட பார்த்தால்
கேட் சுவரோரம் சாய்ந்திருந்தது.

புது விடை பதினாறடி மூன்றங்குலம்.
எந்த வேலியையும் தொடாமல்
காட்டு நடுவில் படுத்திருந்தது.

வியாழக்கிழமை
அதன் பத்தில் ஒரு பங்கைத் தண்ணீரில் இறக்கினோம்.
ஒரு பக்கம் வயிறு வீங்கி, ஒரு பக்கம் வழித்துவிட்டு,
யாரும் ஆசைப்பட்டு வரைய மாட்டாத உருவம்.

அலையை விழுங்குவது என்று நாங்கள் சொல்வது தப்பு.
வருகிற அலைக்கு எதிராக
மிதவையும் ஓர் அலை எழுப்ப வேண்டும்,
அது ஏறும் இடத்தில் இது இறங்குவதாக.
மேடு பள்ளத்தில் விழுந்து
இரண்டும் காணாமல் போகும்.
அலை எழுப்பத் தெரியாதது
அலையிடமிருந்து எதையும் வாங்காது.
படித்திருக்கிறேன். பார்த்ததில்லை.

துளசிமணி மிதவைக்குப் பின்னால்
ஒரு வேப்பிலையைப் போட்டாள்.
முன்னால் தண்ணீர் குதித்துக் குதித்து வந்தது.
பின்னால் இலை
போட்டது போட்டபடி கிடந்தது.
பல்பு எரிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"அறுபத்தெட்டு சதம், எழுதிக்கோ" என்றேன்.
எந்தக் கட்டத்தில் என்றாள்.
'வரவு' என்று ஒன்று
நோட்டு முழுக்க வெற்றாய்க் கிடந்தது.

அவள் எழுதிக்கொண்டிருக்கையில்
கேட் இல்லாத வழியே ஆடிக் காற்று நுழைந்து
தொட்டி நெடுகச் சின்னச் சின்னச் சுருக்கம் போட்டது.
என் கணக்கில் சேர்க்காத அலைகள்.

இலை நகர்ந்தது.