குறிப்புகள் என்ற கட்டம்

அவினாசி ரோடு, மூன்றாவது மாடி.
கீழே காஜா பட்டன் கடை, அதற்கும் கீழே ஏலச்சீட்டுக் கம்பெனி.
பகலில் நான் ஏற்றுமதிக் காகிதம் எழுதுகிறவள்:
துணியின் எடை, பெட்டி எத்தனை,
தூத்துக்குடியில் எந்தக் கப்பல்.
ராத்திரி ஒன்பதுக்கு மேல்
மாஃபியாக்காரர்களின் வம்சம் தேடுகிறேன்.

இத்தாலி ஒரு பூட்ஸ் என்றால்
அதன் கட்டைவிரல் பக்கத்து மலையூர்கள்.
அங்கிருந்து கிளம்பியவர்கள்
ஜெர்மனியில் பிட்சாக் கடை வைத்தார்கள்,
கனடாவில் சிமெண்டு கலந்தார்கள்,
ஆஸ்திரேலியாவில் திராட்சைத் தோட்டத்துக்குப் பின்னால்
வேறொரு செடி வளர்த்தார்கள்.
எந்தக் கண்டத்துக்குப் போனாலும்
பெண் எடுத்தது என்னவோ
ஒன்றுவிட்ட மாமன் வீட்டில்.

கோர்ட்டுத் தீர்ப்புகளை அகராதி வைத்துப் படிக்கிறேன்.
பக்கத்துக்கு ஒரு ராத்திரி.
சுவரில் பனியன் வெட்டும் பேட்டர்ன் தாள், அதன்மேல் பெயர்கள்.
கல்யாணத்துக்குப் பச்சை நூல், கொலைக்குச் சிவப்பு.
கம்பெனியில் கிலோக்கணக்கில் மீந்து கிடப்பதுதான்.
முதலில் தீர்ந்தது பச்சை.

மீட்டர் பார்க்க மேலே வந்த சீட்டுக் கம்பெனி மாரப்பன்
வெகுநேரம் நின்று பார்த்தார்.
"ஏனுங், பொண்ணு பாக்கற சோலியா?
இவியெல்லாம் எந்தக் கூட்டமுங்?"
"கூட்டந்தானுங்" என்றேன்.

மார்ச்சில், வட்டப் பின்னல் மிஷின் மாட்ட
ரொக்கோ வந்தான்.
பாஸ்போர்ட் நகல் எடுத்தவள் நான்.
பிறந்த ஊர்,
என் சுவரில் சிவப்பு அதிகம் ஓடும் ஊர்.

ஆயிரத்து எண்ணூறு ஊசிகளையும்
குழந்தைக்குப் பல் பார்ப்பதுபோல் பார்த்தான்.
டீயில் சர்க்கரை வேண்டாமென்றான்.
மூன்று வருஷம் தனியாகப் பழகிய உச்சரிப்பில்
அவன் ஊரைப் பற்றி அவன் மொழியிலேயே கேட்டேன்.
எண்ணெய் துடைத்த வேஸ்ட் துணியை
நாலாக மடித்தான். பிறகு எட்டாக.
"ஆலிவ் உண்டு. காற்று உண்டு.
வேறொன்றுமில்லை."

எனக்கு இந்த வாக்கியம் தெரியும்.
இத்தாலி மொழியில் கேட்பதுதான் முதல்முறை.

சாயப்பட்டறைத் தொட்டியில் இறங்கிய மூன்று பேரில்
இரண்டு பேர் ஏறி வராத சாயங்காலம்,
கேட்டருகே நின்று விசாரித்தேன்.
வாட்ச்மேன் சொன்னார். மேஸ்திரி சொன்னார்.
எதிர் பேக்கரியில் தேங்காய் பன் நறுக்கியவர்
கத்தியை நிறுத்தாமலே சொன்னார்:
"ஒண்ணுமில்லைங்க."

அந்த "ங்க".
எத்தனை மரியாதை அதில்.
வாய்மூடலோடு ஒரு வணக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டத்தை
இதுவரை எந்தத் தீர்ப்பிலும் படித்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
அன்றைக்கு நீலமேறிய துணி
பதினோராம் நாள் கப்பலேறியது.
சீட்டு எழுதியவள் நான்.
குறிப்புகள் என்ற கட்டத்தில்
"இல்லை" என்று அடித்தேன்.
எப்போதும் அப்படித்தான் அடிப்பேன்.
விரல் தானாகப் போகும்.

ரொக்கோ கிளம்பிய பிறகு
அவன் கையெழுத்திட்ட வேலை அறிக்கை மேஜைக்கு வந்தது.
எண்ணெய் ரகம், ஊசி இடைவெளி, மோட்டார் வேகம்.
கடைசியில் குறிப்புகள்.
அங்கே ஒரு பெயர், ஒரு வருஷம்.
அவனுடைய குடும்பப் பெயர்தான்.
சுவர் முழுக்கத் தேடினேன், இல்லை.
பச்சையா சிவப்பா என்று
அவன் எழுதவில்லை.

பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டினேன்.
இரண்டு பேருக்கு இடம் விட்டிருக்கிறேன்.
ஒடிசா என்றார்கள், பீகார் என்றார்கள்,
பெயர் யாரும் சொல்லவில்லை.
நாளைக்கு லேபர் காண்ட்ராக்டர் வீட்டுக்குப் போகிறேன்,
ஊத்துக்குளி ரோட்டில், ரயில்வே கேட் தாண்டி.
முதலில் என்ன சொல்வார் என்பது தெரியும்.
இரண்டாம் தடவை கேட்கத்தான் போகிறேன்.