அரை நூல்

எட்டு மாசம் கழித்து ராய்ப்பூர்ப் பக்கமிருந்து
ரிக் வண்டி ஊர் திரும்பியது.
திருச்செங்கோட்டு மலை கண்ணில் பட்டதும்
கூடவந்த பையன்கள் கத்தினார்கள்.
பொழுதோடு வீடு சேர்ந்தேன்.
கலாமணி சோறு போட்டாள்,
மகள் பரிட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் எக்ஸெல் வண்டியைத் துடைக்க உட்கார்ந்தால்
சைலன்சரைத் தாங்கிக்கொண்டு
நான் வைக்காத ஒரு கிளாம்பு.

கடையில் வாங்கியதில்லை.
பழைய கட்டில் சட்டத்தில் அறுத்த பட்டை,
ஒரு முனையில் இன்னும் பச்சைப் பெயிண்ட்.
கல்மேல் வைத்துச் சுத்தியலால்
கொஞ்சம் கொஞ்சமாய் இறக்கிய வளைவு;
அடித்தடம் எண்ணினேன், பதினேழு.
விளிம்புக்கு அரம் போட்டிருந்தது, கையைக் கிழிக்கவில்லை.
முதல் துளை சரி.
இரண்டாவது அரை நூல் தள்ளி விழுந்து,
அதை அரத்தால் இழுத்து நீட்டி,
கோழிமுட்டை மாதிரி நின்றது.
நடுவே, செருப்பில் வெட்டிய ரப்பர்.
நீல நிறம்.

"யாரு போட்டது?"
"நாந்தானுங்க."
கேனை மாட்டிக்கொண்டு
சொசைட்டிக்குப் பால் ஊற்றக் கிளம்பிவிட்டாள்.

எழுநூறு அடி துளை போடுகிறவன் நான்.
ஆறரை அங்குலம், நூல் பிடித்த மாதிரி.
ராடில் கைவைத்தே சொல்வேன்
கீழே வெள்ளைக்கல்லா கருங்கல்லா என்று.
எனக்கு அந்தக் கோழிமுட்டை
கண்ணில் விழுந்த மணலாக உறுத்தியது.

சென்னியப்பன் பட்டறையில்
ரெண்டு நூல் கனத்தில் புதுப் பட்டை எடுத்தேன்.
மூலைமட்டம் வைத்துக் கோடு, சென்டர் பஞ்ச்,
வைஸில் கவ்வி ஓங்கி நாலு அடி,
கத்தி மாதிரி தொண்ணூறு டிகிரி.
பில்லர் டிரில்லில் ரெண்டு துளை.
கருப்பு பெயிண்ட் காயும்வரை டீ.

சென்னியப்பன் சொன்னான்:
"ஊட்டுக்காரம்மா வந்துச்சு மாமா.
சோப்புத்தூள் அட்டையில அளவு வெட்டிட்டு வந்துச்சு.
துளைக்கு இருபது ரூபான்னேன்.
ஒண்ணு போதும்னுச்சு.
இன்னொண்ணை ஆசாரிகிட்டக் கைத்துரப்பணம் வாங்கி
ஊட்லயே போட்டிருக்கும்."
நான் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தேன்,
ஆறின பிறகும்.

மாட்டிக்கொண்டு சங்ககிரி ரோட்டில் விட்டேன்.
முப்பதில் ஒன்றுமில்லை.
நாற்பதில் பல்லைக் கடித்தது.
திருகாணியை முறுக்கினேன். இன்னும் கடித்தது.
மூன்றாம் நாள் அந்தக் கத்தி வளைவில்
மயிரிழை விரிசல்.
நாலாம் நாள் காலை, பால் கேனோடு
தெருமுனையிலேயே சைலன்சர் தொங்கிவிட்டது.

அவள் திட்டவில்லை.
வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ஸ்டாண்டு போட்டு,
சேலையைத் தூக்கிச் செருகி உட்கார்ந்து
"பன்னெண்டு ஸ்பேனர் குடுங்க" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன்.
வலது கெண்டைக்காலில்
ஒரு வெற்றிலை அளவுக்கு
தோல் வெந்து ஆறி
வேறு தோலாக இருந்தது.

"எப்போ?"
"ஆடி மாசம். கம்பி வச்சுக் கட்டியிருந்தேன், அவுந்துருச்சு.
அதுக்கப்புறந்தான் இது."
பழைய பட்டையை டூல்ஸ் டப்பாவில் வைத்திருந்தாள்.
நீல ரப்பரைத் துடைத்து வைத்தாள்.
முட்டைத் துளைக்குள் போல்ட்டைத் தள்ளி
அங்கும் இங்கும் ஆட்டிப் பார்த்து,
அது தானாக ஓர் இடத்தில் நின்ற பிறகு இறுக்கினாள்.
ரெண்டு நட்டு, ஒன்றின்மேல் ஒன்று.

ஆடியில் தினம் ராத்திரி போன் பேசினோம்.
மழை உண்டா, மாடு எத்தனை லிட்டர், பாப்பா தூங்கிட்டாளா.
"எல்லாம் நல்லாருக்குதுங்க."
வண்டி எப்படி ஓடுகிறது என்று
நான் கேட்டதாக ஞாபகமில்லை.

என் கிளாம்பைக் கொட்டகைத் தூணில் அடித்துவிட்டாள்.
பால் அளக்கும் படி அதில் தொங்குகிறது.

நோம்பி முடிந்து மறுபடி ரிக் ஏறினோம்.
நானூற்றிப் பத்து அடியில் தண்ணீர்,
முகமெல்லாம் சேறு.
ராத்திரி போன் எடுத்தாள்.
மழை, மாடு, பாப்பா.
அப்புறம் நான், "கால்?" என்றேன்.

அந்தப் பக்கம்
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
இந்தப் பக்கம் பையன்கள்
கம்ப்ரஸரை நிறுத்தியிருந்தார்கள்.