நெற்றியில் ஒரு சதம்

தம்பலகாமத்தில் வயல்வாய்க்கால் ஒன்று
வீதிக்குக் கீழே குழாய்க்குள் புகுந்து
மறுபக்கம் களைத்து வெளியே வரும்.
அங்கேதான் அள்ளுவோம்.
ஓடுகிற தண்ணீரில் இது நிற்காது.
சல்வீனியா விலகிய கையகல வெளியில்
தண்ணீரின் தோலுக்கு நேர் கீழே
ஆணியில் மாட்டியதுபோல் நிற்கும்.

மேலிருந்து பார்த்தால் மீன் தெரியாது.
ஒரு புள்ளிதான் தெரியும்.
பழைய அலுமினிய ஒரு சதத்தை
நூறாய் வெட்டினால் வருகிற துண்டு.
அதைப் பார்த்துத்தான் வலைக்கரண்டியை இறக்குகிறோம்.
பதுங்கி வாழ்கிற பிராணிக்கு
நெற்றியில் எதற்கு விளக்கு என்று
பதினொரு வருசமாய் யோசிக்கிறேன்.
பக்கத்தில் நிற்கிற கொக்கு
யோசிப்பதாய்த் தெரியவில்லை.

மூன்று சென்ரிமீற்றர்.
முதுகு, சீவுளி போட்டதுபோல் தட்டை.
உடம்புக்குப் பெரிய கண்.
வாய் மேல்நோக்கிக் கிழித்தது.
கீழே பார்க்கிற வழக்கமே இல்லை;
சேறு, ஆழம், கெளுத்திகளின் வழக்குவம்பு
எதுவும் அதற்குத் தெரியாது.
தவறி விழுந்த எறும்பு,
முட்டையிட இறங்கும் நுளம்பு,
தலைகீழாய்த் தொங்கும் நுளம்பின் பிள்ளைகள்.
மேலிருந்து வருவதுதான் சாப்பாடு.

பெண்மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாது.
இன்றைக்கு ஒன்று, நாளைக்கு இரண்டு,
நூல்கட்டி வேரில் தொங்கவிடும்.
பிறகு மறந்துபோய்
தானே தின்றும் விடும்.

படிவத்தில் 'உள்ளூர்ப் பெயர்' என்று ஒரு கட்டம்.
வாய்க்காலில் குளித்த மனிதரைக் கேட்டேன்.
"சும்மா பொடிமீன்."
தோப்பூரில் ஒரு பெடியன் எட்டிப் பார்த்துவிட்டு
"கறிக்கு ஆகாது" என்றான்.
அதையே எழுதியிருக்கலாம்.
பெயரில்லாததால்தான் இத்தனை காலம்
ஒரு சட்டியிலும் ஏறாமல் தப்பியதோ என்னவோ.
ஒரு கோடு போட்டுவிட்டுப் போனேன்.

சம்பூரில் திரும்பி வந்தவர்களின் கிணறுகள்
எங்கள் பட்டியலில் நாற்பத்திரண்டு.
நிஸ்மியாவும் நானும் முச்சக்கரவண்டியில்
வாளியைக் காலிடையில் இறுக்கிக்கொண்டு,
பள்ளம் வரும்போதெல்லாம்
தண்ணீரைக் கையால் பொத்திக்கொண்டு.
கிணற்றுக்கு ஆறு மீன்.
யோக்கட் கோப்பையால் அள்ளிக்
கயிற்றில் மெல்ல இறக்கிச் சரிப்பது.

பத்தொன்பதாவது, புவனலோஜினி வீட்டுக் கிணறு.
பாதி வளையம் புதுக் கொங்கிறீற்,
பாதி பழைய பாசி.
"வளந்தா எவ்வளவு வரும்?"
இவ்வளவுதான் அக்கா.
"தண்ணி மணக்குமோ?"
இல்லை.
கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தா.
"புழு முடிஞ்சா
என்னத்தைத் தின்னும்?"

பயிற்சி வகுப்பில்
யாரும் அதைக் கேட்டதில்லை.
நானும்.

மூன்று மாதம் கழித்து எண்ணிக்கைக்குப் போனபோது
மழை விட்டு மூன்று நாள். பொழுது பட்டிருந்தது.
முதல் பதினெட்டில் ஐந்து கிணறு வெறுமை.
ஏனென்று நிஸ்மியா கேட்கவில்லை,
நான் சுழியம் போட்டேன், சுழியம் போட்டேன்.

புவனலோஜினி கிணற்றடியில்
துலாமரத்திலிருந்து ஒரு வயர் இறங்கியது.
வயரின் நுனியில், தண்ணீருக்குமேல் ஒரு முழத்தில்,
மஞ்சள் பல்ப்.
"பத்து நிமிசம்தான் போடுறனான் மிஸ்.
ஈசல், பூச்சி எல்லாம் வந்து விழும்.
இவருக்குத் தெரியாது,
கரண்ட் பில் வந்தாக் கத்துவார்."

சுவிச்சைத் தட்டினா.
புழு ஒன்றுமில்லை.
பாசிப் பக்கமாய் ஆறு புள்ளி,
அவற்றுக்கும் அப்பால்
ஊசிமுனை மாதிரி இன்னும் மூன்று.

படிவத்தில் ஒன்பது என்று எழுதினேன்.
குறிப்புகளுக்கென விட்ட இடத்தில்
பேனையை வைத்தேன், எடுத்தேன்.
முதல் ஈசல் சிறகு கழன்று
சுற்றிச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தது.
கீழே
கடையில் மீதிக்காசுக்கு நிற்பவர்கள்போல்
அசையாமல், அண்ணாந்தபடி,
ஒன்பது சில்லறை.