இருபத்திரண்டாவது மீட்டர்

ஞாயிற்றுக்கிழமை. திருப்பூர் வீரபாண்டிப் பக்கம்
சாயப்பட்டறையில் நீராவி அடங்கிக் கிடக்கிறது.
மூடியை நெம்பித் திறந்தோம், கலாமணியும் நானும்.
உடனே குனியவில்லை.
உள்ளே அடைபட்டது முதலில் போகட்டும்,
கேஸ் மீட்டர் கத்தாமல் இருக்கட்டும் என்று
தள்ளி நின்று கையுறை மாட்டினோம்.

காஸ்டிக் தொட்டி வால்வில் என் பூட்டு.
சாவி என் ஐடி கார்டுக் கயிற்றில்.
"ஏனுங்க, லீவு நாள்ல யாரு தொறக்கப் போறாங்க?"
மேனேஜர் சென்னியப்பன்.
"பூட்டு பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுங்க."

முழங்கால் போட்டு ஊட்டினேன்,
ஒரு முழம், இன்னொரு முழம்.
கலாமணி சுருளை அவிழ்த்துக்கொண்டே
திரையைப் பார்த்து எண் சொன்னாள்.

ஆறு மீட்டர்:
குழாய்ச் சுவரில் கருநீலம்,
அதன்மேல் மெரூன்,
அதன்மேல் பக்குவிட்ட கிளிப்பச்சை.
எந்த ஊரில் யார் உடம்பில்
வெளுத்துக்கொண்டிருக்கிறதோ அந்தப் பனியன்.
இங்கே வெளுக்கவில்லை.

பதினொன்று: பஞ்சுத் தாடி.
பதினாலு: லேபிள் ஒன்று
எக்ஸெல் என்று முகம் காட்டிவிட்டுக்
குப்புற விழுந்தது. சிரித்துவிட்டோம்.

வளைவில் கம்பி நின்றது.
ஏழு வருஷம் ஓவர்லாக் மிதித்த எனக்கு
எதையும் சிக்குமுன்னே கை சொல்லிவிடும்.
"இன்னொரு தள்ளு தள்ளுனா போயிருமுங்க."
தள்ளினால் மடங்கும்.
மடங்கினால் உள்ளே முறியும்.
முறிந்ததை எடுக்க
அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை.
அவர் கண்தான் குழி வாயைத் தொட்டுவிட்டு
தண்ணிக் கேனோடு நின்ற மாரப்பன் மேல் போய் உட்கார்ந்தது.
"கேமராதானுங்க எறங்கும்" என்றேன்.
கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

ஓரடி பின்னால் இழுத்து,
லேசாகத் திருப்பி, மறுபடி.
போனது.

இருபத்திரண்டு: குழாயே இல்லை.
விளக்குக்கு முன்னால் ஈரச் செம்மண்,
மேலே பொக்கென்று இருட்டு.
குழாய்க்குள் இருந்த தலை மேலே எங்கே என்று
கருவியைப் பிடித்துத் தரையில் தேடிப் போனாள் கலாமணி.
பீப், பீப்.
அது அலறிய இடம்
விறகு லோடு லாரியின் பின்சக்கரம்.
டிரைவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.
"எழுப்புங்க. மொதல்ல வண்டிய நவுத்தச் சொல்லுங்க."

லாரி உறுமி நகரும்போதுதான் கேட்டது
தொட்டிப் பக்கமிருந்து கடக், கடக்.
தொட்டி கழுவ வந்த பையன்
வால்வோடு மல்லுக்கட்டுகிறான்.
நேற்றே சொல்லிவைத்த வேலையாம்.
யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை.
சென்னியப்பன் என் கழுத்துக் கயிற்றைப் பார்த்தார்,
பிறகு லாரியை.

கம்பியை ஈரத்துணியில் பிடித்துத்
துடைத்துத் துடைத்து இழுத்தேன்.
இருபத்திரண்டு மீட்டர் நீலமும் துணிக்கு வந்தது.
டெட்டால் தண்ணீரில் கேமராவை, கம்பியை,
கையுறையை, கடைசியாகக் கையை.
டீ அதுக்கப்புறந்தான்.

ரிப்போர்ட்டில் அடைப்பு என்று போடச் சொன்னார்.
இடிந்திருக்கிறது என்று எழுதினேன்.
கீழே இடம் மிச்சமிருந்தது.
மேலிருந்து தோண்டவும்,
ஆள் இறக்க வேண்டாம் என்றும் எழுதி
மாரப்பனிடம்தான் கொடுத்தனுப்பினேன்.