கட்டத்தில் என் பெயர்

ஏழு வயதில், ரோமப் பண்ணையின் கம்பிவலைக்குள்
விரலை நுழைத்தேன். ஒரு சின்சில்லா வந்து
முகர்ந்துவிட்டுப் போனது.
அந்தக் குளிர்காலமே யாருடைய கழுத்துக்கோ போயிருக்கும்.

அப்புறம் வூச் நகரத்தில்
முப்பத்தோராண்டு டிராம் ஓட்டினேன்.
ரோமக் காலர் வைத்த பயணி ஏறினால்
கண்ணாடியைப் பார்க்கமாட்டேன்.
வாடகை வீடுகள், பிராணிகள் கூடாது.
ஒரு கணவர், பூனை என்றாலே தும்முவார்.
நல்ல மனிதர். தும்மல்தான்.

ஓய்வு பெற்ற மறுநாள்
மூடிய பண்ணையில் மிஞ்சிய ஒன்றை
டிப்போ நண்பன் ரொமுவால்ட்
அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தான்.
காதில் இன்னும் எண் இருக்கிறது.
'உரிமையாளர்' என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.

தண்ணீர் ஆகாது. எரிமலைத் தூளில் புரள்கிறது,
என் காப்பியிலும் புழுதி.
இரவு இரண்டு மணிக்குச் சுவரில் மோதித் தாவுகிறது.
நானும் விழித்திருக்கிறேன்,
முதல் டிராமுக்குக் கிளம்புகிறவள் போல.

இறுக்கிப் பிடித்தால்
பிடித்த இடத்து ரோமத்தைக்
கையிலேயே விட்டுவிட்டு ஓடிவிடும்.
முதல் வாரமே தெரிந்துகொண்டேன்.
இப்போது தரையில் உட்கார்ந்து
விரலை மட்டும் நீட்டுகிறேன்.

இருபது வருஷம் வாழுமாம்.
எனக்கு அறுபது.
தங்கை மகள் டோப்ரவாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.
அவளுக்குத் தும்மல் கிடையாது.